இனிஷலில் மட்டும் இருக்கிற அப்பா: திருகோணமலைப் பாடசாலைகளும் தகப்பன்மாரும்

தமிழ்ப் பிள்ளை ஒன்றின் பெயர் அப்பாவில்தான் தொடங்கும். தரம் ஒன்றில் சேர்க்கும்போது நிரப்புகிற படிவத்தில் தகப்பன் பெயர், தகப்பன் தொழில் எண்டு இரண்டு கோடு இருக்கும். வரவு இடாப்பில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவருடைய எழுத்து நிற்கும். காலையில் டீச்சர் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் அத்தனை பேரும் வந்து போவார்கள், எழுத்தாக.

ஆளாக வருவது யார்? ரிப்போர்ட் வாங்க அம்மா. புலமைப்பரிசில் வகுப்புக் கூட்டத்துக்கு அம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு போன் வந்தால் ஓடி வருவதும் அம்மா. சிரமதானத்துக்குத் தும்புத்தடியும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிலும் பாதிக்கு மேல் அம்மாமார்தான். அப்பா வந்தால் மோட்டார் சைக்கிளில் கேற் வரைக்கும் வருவார். பிள்ளையை இறக்குவார், அல்லது ஏற்றுவார். கேற்றுக்கு உள்ளே இருப்பது வேற நாடு மாதிரி.

ஏன் எண்டு கேட்டால் எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கு: "எங்கட ஆம்பிளையளுக்குப் பிள்ளையின்ர படிப்பில அக்கறை இல்லை." இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் போனால், இது எப்ப தொடங்கினது, எப்பவும் இப்படித்தான் இருந்ததா எண்ட கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிடுவோம். திருகோணமலையின் கடந்த நூற்றிச்சொச்சம் வருசத்தை எடுத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரியுது. இந்த ஊரில் சில அப்பாமார் ஒரு காலத்தில் பாடசாலைக்கு உள்ளேதான் இருந்தார்கள். வேறு பலரை யாரும் உள்ளே கூப்பிடவே இல்லை. பிறகு சட்டம், துறைமுகம், யுத்தம், வெளிநாடு எண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து எல்லா அப்பாமாரையும் கேற்றுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தின.

பாடசாலை நடத்திய அப்பாமாரும் அபராதம் கட்டிய அப்பாமாரும்

1795இல் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது துறைமுகம். கப்பற்படைத் தளம், பண்டகசாலை, சுங்கம், கச்சேரி எண்டு ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. அங்கெல்லாம் கணக்கெழுத, கடிதம் எழுத, பொருள் எண்ணிக் கொடுக்க ஆள் தேவை. அந்த ஆளுக்கு இங்கிலீஷ் தேவை. இங்கிலீஷ் படிப்பு பெரும்பாலும் மெதடிஸ்த, கத்தோலிக்க மிஷன்களின் கையில் இருந்தது. அந்தப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவிப் பணமும் கொடுத்தது.

சைவக் குடும்பத்து அப்பா ஒருவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மகன் கிளார்க்காக வேண்டும் எண்டால் மிஷன் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் மகன் வேதக்காரனாகி விடுவானோ எண்ட பயம். யாழ்ப்பாணத்தில் இதே தவிப்புத்தான் 1848இல் ஆறுமுக நாவலரை வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்க வைத்தது. திருகோணமலையில் 1897இல் இந்துப் பிள்ளைகளுக்கெண்டு ஒரு பாடசாலை எழும்பியது. இன்றைக்கு ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி எண்டு நாங்கள் சொல்வது அதைத்தான். 1923இல் பெண் பிள்ளைகளுக்கெண்டு தங்கம்மா சண்முகம்பிள்ளை தொடங்கிய பாடசாலை இன்றைக்கு ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. ஆண்களின் சபைகளும் கமிட்டிகளும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு முன்னால் வந்து நின்றது ஒரு பெண். இதை அடிக்கோடிட்டு வாசிக்க வேணும்.

1925இல் இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றது. அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் அங்கே அதிபராகவும் இருந்தார். பாடசாலையின் பெயருக்கு முன்னால் இன்றும் 'இ.கி.ச.' எண்டு நிற்பது அந்தக் காலத்தின் தடம். தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலையை, பிள்ளை குட்டி இல்லாத ஒரு துறவியை நம்பி ஊரவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பாடசாலை நடத்துவது எண்டால் காணி பார்க்க வேணும், கட்டடம் எழுப்ப வேணும், ஆசிரியருக்குச் சம்பளம் தேட வேணும், உதவிப் பணத்துக்காக அரசாங்கத்தோடு எழுத்துப் போக்குவரத்து நடத்த வேணும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிற அப்பாவுக்கு என்ன படிப்பிக்கிறார்கள் எண்டு கேட்கிற உரிமையும் கூடவே வந்தது.

ஆனால் இது எந்த அப்பா? காணி உள்ளவர், கடை உள்ளவர், உத்தியோகம் பார்த்தவர். கரையில் வலை இழுத்தவரோ, டொக்யார்ட்டில் மூட்டை தூக்கியவரோ எந்தக் கமிட்டியிலும் இருந்ததில்லை. அவர்களை அரசாங்கம் வேறு மாதிரிச் சந்தித்தது. 1906இல் நகரங்களுக்கும் 1907இல் கிராமங்களுக்கும் கல்விச் சட்டங்கள் வந்தன. பிள்ளையைத் தாய்மொழிப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை, அனுப்பாவிட்டால் அபராதம். ஆக ஒரே ஊரில் இரண்டு வகை அப்பா. ஒருவருக்குப் பாடசாலை எண்டால் தன் பெயர் பொறித்த கல். மற்றவருக்குப் பாடசாலை எண்டால் அபராதச் சீட்டு. கேற்றைக் கண்டதும் தயங்குகிற அப்பாமாரின் கதையை அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்க வேணும் எண்டு நினைக்கிறேன்.

ஃபீஸ் போனது, உரிமையும் போனது

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தார். 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மீன்பிடிக்கிறவரின் மகளும் மூட்டை தூக்கினவரின் மகனும் காசு கட்டாமல் பல்கலைக்கழகம் வரை போகலாம் எண்டு ஆனது. இதை எழுதுகிற நானும் வாசிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேரும் அந்த முடிவின் பிள்ளைகள். அதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை.

அடுத்த கட்டம் 1960. அந்த வருசத்து 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கையில் கொண்டு வந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் எதிர்த்தார்கள். நாட்டின் பல இடங்களில் அப்பாவும் அம்மாவுமாகப் பாடசாலைகளுக்குள் போய், கையளிக்க விடமாட்டோம் எண்டு நாட்கணக்காக உள்ளேயே தங்கினார்கள். இந்தியாவிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து பேசிச் சமாதானம் செய்ய வேண்டி இருந்தது. இலங்கையின் கல்வி வரலாற்றில் பெற்றோர் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பாடசாலைக்குள் இருந்த சந்தர்ப்பம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

பாடசாலைகள் அரசாங்கத்திடம் போனது நல்லதா கெட்டதா எண்டு இன்னும் வாதாடலாம். தனியார் முகாமைத்துவத்தில் மதமும் சாதியும் கேற்றைக் காத்தன. அதை உடைக்க அரசாங்கம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு விளைவு பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாடசாலையை நடத்தின அப்பாவுக்கு இனி அங்கே வேலை இல்லை. முன்பு கூப்பிடப்படாத அப்பாவையும் புதிதாக யாரும் கூப்பிடவில்லை. ஆசிரியரை நியமிப்பது கொழும்பு, பாடத்திட்டம் போடுவதும் கொழும்பு. 1980இல் பாடப்புத்தகம் இலவசமாக வந்தது, 1993இல் சீருடைத் துணியும் வந்தது. அப்பாவின் செலவு குறைந்தது, அதோடு சேர்ந்து அப்பாவுக்கு இருந்த இடமும் குறைந்தது. கடைசியில் மிஞ்சியது ரிப்போர்ட்டின் அடியில் ஒரு கையெழுத்து. அதையும் பல வீடுகளில் அம்மாதான் போடுவது.

துறைமுகத்தின் நேரம், பாடசாலையின் நேரம்

பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். பெற்றோர் கூட்டமும் அதற்குள், அல்லது அதை ஒட்டித்தான். உத்தியோகத்தர் குடும்பத்துக்குச் செய்த நேரம் இது. திருகோணமலை அந்த நேரத்துக்கு ஓடின ஊர் இல்லை.

பிரித்தானியக் கப்பற்படை இருந்த மட்டும் ஊரின் நேரம் டொக்யார்ட்டின் நேரம். இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. 1957இல் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. வெள்ளைக்காரன் போனதோடு அவனை நம்பியிருந்த வேலைகளும் குறைந்தன. 1980இல் சீனக்குடாவில் பிரிமா மா ஆலை வந்தது. அதே பத்தாண்டில் சீமெந்துத் தொழிற்சாலை. ஆலை எண்டால் ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிற அப்பாவுக்குப் பத்து மணிக் கூட்டம் நடுச்சாமக் கூட்டம் மாதிரி.

கடலுக்குப் போகிற அப்பாவின் நேரம் இன்னும் வேற. இரவில் வலை, விடியக் கரை, பிறகு ஏலம். மீன் விலைபோகிற அந்த ஒன்றிரண்டு மணித்தியாலத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனால் முழு இரவின் உழைப்பும் ஐசுக்குள் கிடக்கும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரைநாள் லீவு எண்டு ஒன்று கிடையாது. காலையில் போகாவிட்டால் அன்றைய சம்பளம் முழுதாக இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் விறகு, மண், வயல், மீன் எண்டு உழைக்கிற வாப்பாமாருக்கும் இதே கணக்குத்தான்.

அம்மாமாரும் வேலை செய்கிறார்கள். கருவாடு போடுகிறார்கள், தைக்கிறார்கள், வயலுக்குப் போகிறார்கள், வீட்டு வேலை முழுவதும் அவர்கள் தலையில். அவர்களுக்கும் நேரம் இல்லை. ஆனால் அவர்களின் வேலையை வெட்டி ஒட்டி மாற்றலாம் எண்டு வீடும் பாடசாலையும் முடிவெடுத்துவிட்டன. அப்பாவின் வேலைக்குக் கூலி உண்டு, ஆகவே அதை நிறுத்தக்கூடாது. அம்மாவின் வேலைக்குக் கூலி இல்லை, ஆகவே அது காத்திருக்கலாம். அம்மா கூட்டத்துக்கு வருவதன் பின்னால் இருக்கிற உண்மையான கணக்கு இதுதான்.

ஆம்பிளை ரோட்டில் போகக்கூடாத காலம்

1983 ஜூலையில் கடற்படைச் சிப்பாய்கள் திருகோணமலை நகரில் இறங்கித் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். அதற்குப் பிறகு 2009 வரை இந்த ஊரில் ஒரு தமிழ் ஆணுக்கு ரோட்டில் போவது எண்டாலே கணக்குப் பார்த்துச் செய்கிற காரியம். சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, தலையாட்டி, அடையாள அட்டை. பிடித்தால் எப்ப விடுவார்கள் எண்டு தெரியாது, விடுவார்களா எண்டும் தெரியாது. ஆகவே வெளி வேலைகள் ஒவ்வொன்றாகப் பெண்களிடம் போயின. பங்கீட்டுக்கு அம்மா, கச்சேரிக்கு அம்மா, பிடிபட்டவரைத் தேடி முகாமுக்கும் அம்மா. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானதை இந்தப் பின்னணியில் பார்க்க வேணும். ஆண்கள் தெருவுக்கு வந்து கேட்க முடியாத கேள்வியைத் தாய்மார் கேட்டார்கள். 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களோடு கிளிநொச்சியிலும் திருகோணமலையிலும் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோரும் அவர்களே.

பாடசாலைக்குப் போவதும் அந்த வெளி வேலைகளில் ஒன்று. அப்பா வீட்டுக்குள் நிற்பது அந்த நேரத்தில் அக்கறையின்மை இல்லை, உயிர்ப் பாதுகாப்பு. ஒரு தலைமுறைக் காலம் அப்படிப் போனால் அதுவே வழக்கமாகிவிடும். யுத்தம் முடிந்தது. வழக்கம் முடியவில்லை.

பிள்ளைக்காக முன்னுக்கு வந்த அப்பாவுக்கு என்ன நடந்தது எண்டும் இந்த ஊர் பார்த்திருக்கு. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் தகப்பனார் வைத்தியர். அவர் சாட்சி சொல்ல முன்வந்தார். நாட்டை விட்டுப் போன பிறகும் ஜெனீவா வரை போய் நீதி கேட்டார். 2019 ஜூலையில் சந்தேக நபர்கள் பதின்மூன்று பேரும் சாட்சியம் போதாது எண்டு விடுவிக்கப்பட்டார்கள். எங்கட ஊர் அப்பாமாருக்கு அக்கறை இல்லை எண்டு சொல்ல வாய் எடுக்கிறபோது இதையும் ஒருக்கா நினைக்க வேணும்.

அதே 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருசக்கணக்காக இருந்துவிட்டு 2015, 2016இல்தான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். 2006 ஜனவரியில் தரம் ஒன்றில் சேர்ந்த சம்பூர்ப் பிள்ளை 2016இல் தரம் 11. ஒரு முழுப் பாடசாலைக் காலம் முகாமில். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றைக்குத் தாங்களே அப்பா. தரம் எட்டோடோ பத்தோடோ நின்றுபோனவர்களும் அவர்களில் இருப்பார்கள். இப்படிப்பட்ட ஒருவரை "மகனின் கணிதத்தைப் பற்றிக் கதைக்க வாங்கோ" எண்டு கூப்பிட்டால், கணிதம் தெரியாத தன்னைப் பற்றித்தான் கதைக்கப் போகிறார்கள் எண்டு அவருக்குத் தோன்றும். வெட்கத்தை நாங்கள் பல நேரம் அலட்சியம் எண்டு வாசித்துவிடுகிறோம்.

போனுக்குள் இருக்கிற அப்பா

1970களின் கடைசியிலிருந்து வளைகுடா நாடுகள் திறந்தன. கட்டாரில், சவூதியில், டுபாயில் இருக்கிற அப்பாவுக்குப் பிள்ளையின் புள்ளி அட்டை வாட்ஸ்அப்பில் போகும். "அடுத்த முறை கூட எடுக்க வேணும்" எண்டு அங்கிருந்து குரல் பதிவு வரும். அவர் அனுப்புகிற காசில்தான் டியூசன், சைக்கிள், கணினி எல்லாம். பிள்ளையின் படிப்புக்காகவே போனவர், அந்தப் படிப்பு நடக்கிற இடத்தைக் கண்டதில்லை. பத்து வருசம் கழித்து வந்து பார்த்தால் மகள் உயர்தரம் படிக்கிறாள். எந்தப் பிரிவு எண்டு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேணும்.

போகாமல் ஊரில் இருப்பவரும் இதே மாதிரித்தான் தன்னைப் பார்க்கிறார்: நான் காசு கொண்டு வருகிற ஆள், படிப்பு அம்மாவின் பகுதி. 1897இல் அப்பாவின் காசு பாடசாலைக்குள் போகும் வழி அவரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோனது. இன்றைக்கு அது டியூசன் கொட்டிலுக்குப் போகுது. அப்பா அங்கேயும் வாசலில்தான், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி.

இது ஆம்பிளைக் குணமா?

"என்ன சொன்னாலும் ஆம்பிளையள் இப்படித்தான்" எண்டு சொல்பவர்களுக்கு ஒரு வெளிநாட்டுக் கணக்கு. 1997இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் பிள்ளைகளின் பாடசாலைகளில் தகப்பன்மாரின் பங்கு பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பொதுக் கூட்டம், ஆசிரியரோடு சந்திப்பு, பாடசாலை நிகழ்ச்சி, தொண்டு வேலை எண்டு நாலு விசயம். ஒரு வருசத்தில் அதில் மூன்றையாவது செய்தால் 'அதிக ஈடுபாடு' எண்டு கணக்கு. அப்பா, அம்மா இருவரும் உள்ள வீடுகளில் அதிக ஈடுபாடு காட்டிய அம்மாமார் 56 வீதம், அப்பாமார் 27 வீதம். எங்களூர்க் கதை மாதிரியே இருக்கு. ஆனால் தனியாகப் பிள்ளை வளர்க்கிற வீடுகளில்? தனி அம்மாமார் 49 வீதம், தனி அப்பாமார் 46 வீதம். இடைவெளி கிட்டத்தட்ட இல்லை.

யோசித்துப் பாருங்கள். அதே ஆண்கள்தான். அம்மா இருக்கிற வீட்டில் ஒதுங்கி நிற்கிறார், இல்லாத வீட்டில் வருகிறார். அப்படியெண்டால் இது ஆணின் குணம் இல்லை, வேலைப் பங்கீடு. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அம்மாவின் ஈடுபாட்டைத் தனியாகக் கழித்துப் பார்த்தாலும், அப்பா வருகிற பிள்ளைகள் நல்ல புள்ளி எடுப்பதும் பாடசாலையை விரும்புவதும் கூட, வகுப்பில் மறுபடி இருத்தப்படுவது குறைவு.

எங்கள் கரையிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு, துயரமான உதாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் எண்டு அடுத்த வருசம் ஒக்ஸ்பாம் நிறுவனம் எழுதியது. இலங்கையும் அதில் அடக்கம். மனைவியை இழந்த அப்பாவுக்கு மகளின் தலையைப் பின்னிவிட, சோறு கட்ட, பாடசாலைக்குப் போக வேறு ஆள் இல்லை. செய்ய வேண்டி வந்தபோது செய்தார்கள். அவ்வளவு பெரிய இழப்பு வந்தால்தான் அப்பா கேற்றைத் தாண்ட வேணுமா?

பதவி ஒருவருக்கு, பானை ஒருவருக்கு

சட்டத்தில் பெற்றோருக்கு இடம் இல்லாமல் இல்லை. 1993இன் 8ஆம் இலக்கப் பாடசாலை அபிவிருத்திச் சபைகள் சட்டம் இருக்கு. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டத்தில் அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் எல்லாரும் சேர்ந்த அபிவிருத்திக் குழு வந்தது. அந்தத் திட்டத்தைப் பிறகு மதிப்பிட்ட ஆய்வொன்று தரம் 4 பிள்ளைகளின் கணித, ஆங்கிலப் புள்ளிகள் கூடியதாகச் சொன்னது. அதே ஆய்வு, பாடசாலை பற்றிய தகவல் அட்டை கொடுக்கிற இன்னொரு திட்டத்தால் பலன் தெரியவில்லை எண்டும் சொன்னது. தாளைக் கொடுத்தால் போதாது, ஆட்கள் கூடி இருக்க வேணும் எண்டு இதை நான் வாசிக்கிறேன்.

ஆனால் கூடி இருக்கும்போது யார் எங்கே இருக்கிறார்கள்? பல பாடசாலைகளில் நீங்கள் கண்டிருப்பீர்கள். கூட்டம் முழுக்க அம்மாமார். செயலாளர் தெரிவு எண்டு வந்ததும் பின் வரிசையில் இருக்கிற ஐந்து ஆண்களில் ஒருவரின் பெயர் பிரேரிக்கப்படும். சத்துணவுப் பானை அம்மாமாரிடம், மேடையும் மைக்கும் அப்பாவிடம். இந்தியாவில் 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் எண்டு எழுதி வைத்ததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். ஆகவே "அப்பாமாரைக் கூட்டி வாங்கோ" எண்டு சொல்கிறபோது, அம்மாமார் இத்தனை வருசம் நடத்திய இடத்தில் கதிரை போட்டு உட்காரக் கூப்பிடக்கூடாது. பானை தூக்கக் கூப்பிட வேணும்.

என்ன செய்யலாம்?

முதலாவது நேரம். வாடைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, கிழக்கின் வெளிக்கடல் அடிக்கும். பல வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கும். மீனவக் கிராமத்துப் பாடசாலை வருசத்தின் முக்கியமான பெற்றோர் கூட்டத்தை அந்த மாதங்களுக்கு மாற்றலாம். ஆலையும் துறைமுகமும் உள்ள பக்கத்தில் போயா நாளிலோ ஞாயிறு பின்னேரமோ ஒரு கூட்டம். ஆசிரியர்களுக்கு அது மேலதிகச் சுமை, அதற்கு மாற்று லீவு கொடுக்க வேணும். தவணைக்கு ஒரு நாள் போதும்.

இரண்டாவது அழைப்பு. "பெற்றோர்" எண்டு எழுதினால் வீட்டில் அது "அம்மா" எண்டுதான் வாசிக்கப்படும். கடிதத்தில் பெயர் போட்டு எழுதலாம். போன் நம்பர் இரண்டு வாங்கலாம், நல்ல செய்திக்கும் எடுக்கலாம். பிள்ளை பிழை விட்டால் மட்டும் அப்பாவைக் கூப்பிடுகிற பழக்கம், பாடசாலையைப் பொலிஸ் ஸ்டேசன் மாதிரி ஆக்கிவிட்டது.

மூன்றாவது வேலை. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடக் கூப்பிட்டால் அப்பாமார் இரவிரவாக நின்று செய்வதைப் பார்த்திருக்கிறோம். கைக்கு வேலை இருந்தால் வெட்கம் போய்விடும். அதை ஒரு படி உள்ளே கொண்டுபோகலாம். வலை பின்னுகிறவர் தரம் ஐந்துக்கு ஒரு பாடவேளை வந்து முடிச்சுப் போட்டுக் காட்டினால் அது கணிதமும்தான். காற்றின் பெயர்களும் மீன்களின் பெயர்களும் அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளைக்கு முன்னால், டீச்சர் பக்கத்தில் நிற்க, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்த அப்பா அடுத்த கூட்டத்துக்குத் தயங்காமல் வருவார். சாரத்தோடு வந்தாலும் உள்ளே விட வேணும்.

நாலாவது, மிக முக்கியமானது. இந்த மாவட்டத்தின் வகுப்பறைகளில் அப்பா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். யுத்தத்தில் போனவர், கடலில் போனவர், காணாமல் ஆக்கப்பட்டவர், விட்டுப் போனவர். "எல்லாரும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டு ஒரு டீச்சர் நல்லெண்ணத்தோடு சொல்கிற வசனம் அந்தப் பிள்ளையை வகுப்பில் தனியாக எழுப்பி நிற்க வைக்கும். மாமா, தாத்தா, அண்ணா, பக்கத்து வீட்டு ஆள், யாரும் வரலாம் எண்டு முதலிலேயே சொல்லிவிட வேணும். ஆண் ஆள் வராவிட்டாலும் குறை இல்லை எண்டும் சொல்ல வேணும். அந்த வீடுகளில் அம்மா இரண்டு பேரின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

இதை வாசிக்கிற நாங்கள் இன்னும் பெற்றோர் ஆகவில்லை. ஆனால் தம்பி, தங்கச்சி, மருமக்கள் படிக்கிறார்கள். இந்தத் தவணை ரிப்போர்ட் கொடுக்கிற நாளுக்கு அம்மா சாறி மாற்ற எழும்பும்போது "இருங்கோ அம்மா, இந்தமுறை அப்பா போகட்டும்" எண்டு நாங்கள் சொல்லலாம். அப்பா ஏதாவது சாட்டுச் சொல்லுவார். "நானும் வாறன், வாங்கோ" எண்டு சைக்கிளில் ஏறுங்கள். வகுப்பு எந்தக் கட்டடத்தில் எண்டு அவருக்குத் தெரியாது. வழி காட்ட ஒரு ஆள் வேணும்.